டியூப்பின் இரண்டு முனைகள்

மேப் கேள்வியில் மட்டும் எங்கள் பிள்ளைகளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கோதாவரியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். ஆரவல்லியை ஒரு கீறு கீறி, பக்கத்தில் பெயர் எழுதி, மார்க்கை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தப் பத்தாம் வகுப்பிடம்தான், நம் பள்ளிக்கூட மைதானத்தில் விழுகிற மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டேன். மொத்த வகுப்பும் திருதிருவென்று முழித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், “ஓடாது மிஸ், நிக்கும்” என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதைவிட எரிச்சல் அதிகமாக வந்தது.

சென்னையை ஒட்டிய பாரிவாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பேரிடர் பாடம் என்றால் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்று இரண்டு பத்தி. பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் அந்த வருஷம் அதை அப்படி நடத்தி முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண்.

முந்தைய வருஷ மழையில் அவள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அவளும் அவள் அம்மாவும் மாங்காட்டில் சித்தி வீட்டில் போய்த் தங்கினார்கள். அங்கிருந்து பஸ் மாறி வருவாள், தினமும் லேட். எங்கேயிருந்து வருகிறாய் என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்பேன். “மாங்காட்லருந்து மிஸ்” என்று தலையைக் குனிந்துகொள்வாள். பிறகு அதுவும் நின்று, பல நாள் அவள் வரவேயில்லை. தண்ணீர் வடிந்து வீடு திரும்பி, பத்தாவது தொடங்கியதும் அவள் அம்மா என்னைப் பார்க்க வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனியில் வேலை செய்கிறவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“இந்த மழைக்கும் ஊட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா, டி.சி. வாங்கிக்கினு ஊருக்கே போயிடுவோம் மிஸ். என்னால இன்னொரு தடவ முடியாது.”

ஊர் செய்யாறு பக்கம். பொதுத்தேர்வு எழுத வேண்டிய பெண்ணை நடு வருஷத்தில் கூட்டிக்கொண்டு போனால், அவள் படிப்பு அதோடு அம்போதான். அந்த அம்மாவைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்தப் பெண்ணை விடப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமே. வகுப்பில் கேட்டேன். ஏரியிலிருந்து என்றாள் இவள். இவள் தெருவை ஒட்டிய அபார்ட்மெண்ட்டில் இருக்கிற இன்னொரு மாணவி, இவர்கள் தெருத் தண்ணீர்தான் எங்கள் பார்க்கிங்குக்குள் வருகிறது என்றாள். இவள் இல்லை என்க, அவள் ஆமாம் என்க, இரண்டும் முறைத்துக்கொண்டு நின்றன. அந்த இரண்டாவது பெண்ணின் அப்பா ஐ.டி. கம்பெனிக்காரர், அபார்ட்மெண்ட் சங்கத்தின் செயலாளர். மேப்பில் சமவெளி என்று நம் ஊர் பூராவும் ஒரே பச்சை, அதை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது, அளந்து பார்த்துவிடலாம் வாருங்கள் என்றேன்.

பூந்தமல்லியில் என் தம்பி ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூப் வேண்டும் என்றேன். “இன்னாக்கா, டீச்சர் வேலைய உட்டுட்டு சித்தாள் வேலைக்குப் போறியா?” என்று நக்கல் அடித்துக்கொண்டே ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தான். டியூப்பில் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் தூக்கிப் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைவரை அளந்தால் எது மேடு, எது பள்ளம் என்று பிடிபட்டுவிடும். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸை அதற்கு எடுத்துக்கொண்டேன். போர்ஷன் முடியவில்லையே என்று தலைமை ஆசிரியை இழுத்தார். இதுதான் மேடம் போர்ஷன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு கிளம்பினேன்.

வேண்டுமென்றேதான் ஒரு முனையை இவளிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுத்தேன். ஏற்று, இறக்கு என்று பேசிக்கொள்ளாமல் அந்த வேலை நடக்காது. முதல் அளவில் டியூப்புக்குள் காற்றுக்குமிழி நின்று எல்லாம் தப்பாகிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினோம். வெயிலில் பிள்ளைகள் முனகினார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே, மெயின் ரோட்டிலிருந்து அபார்ட்மெண்ட்டுக்குள் புகுந்து, பக்கவாட்டு கேட் வழியாக இவள் தெருவரை அளந்து முடித்தோம்.

மெயின் ரோடுதான் உயரம். அங்கிருந்து மழைத்தண்ணீர் அபார்ட்மெண்ட் வளாகத்துக்குள் இறங்குகிறது. வளாகத்திலேயே பள்ளமான இடம் பின் மதிலின் மூலை. மதிலுக்கு வெளியே வாய்க்கால். ஆனால் அந்த மூலையில் மதில் அடியில் புதிதாக சிமெண்ட் பூசியிருந்தது. அங்கே ஒரு ஓட்டை இருந்தது என்றும், போன வருஷ வெள்ளத்தின்போது அதன் வழியாகத் தண்ணீரும் ஒரு பாம்பும் உள்ளே வந்ததைப் பார்த்து அப்பாதான் அடைக்கச் சொன்னார் என்றும் அந்தப் பெண் சொன்னாள். வாய்க்கால் நிரம்பி வழிந்த கொஞ்ச நேரம் தண்ணீர் அதன் வழியே திரும்பி வந்திருக்கும். மற்ற நேரமெல்லாம் அதுதான் தண்ணீர் வெளியே போகிற வாசல். அதை அடைத்துவிட்டார்கள். போன வருஷம் வந்தது வாய்க்கால் வழிந்த வெள்ளம். இனி வாய்க்கால் வழியாத மழைக்குக்கூட உள்ளே வருகிற தண்ணீர் தேங்கி, ஏறி, பக்கவாட்டு கேட்டைத் தாண்டி இவள் தெருவில்தான் விழ வேண்டும். இரண்டு பெண்களும் சிமெண்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சண்டை போடவில்லை.

செயலாளரிடம் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். “நீங்க பாடம் நடத்துங்க மேடம், பில்டிங்கை நாங்க பாத்துக்கறோம்.” எனக்கு வந்த ஆத்திரத்தில் வீடு வரும்வரை வண்டியில் தனியாகப் பேசிக்கொண்டே வந்தேன். அடுத்த ஞாயிறும் போனேன். சங்கத்தில் பேசுகிறோம் என்றார். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். என் தலையைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது. கோணட்டும் என்று சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அவர் மகள்தான், என்னிடம் முன்பே வாங்கி வைத்திருந்த டியூப்பை எடுத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, பக்கவாட்டு கேட்டின் வாசல் மேட்டுக்குச் சரியாகத் தண்ணீர் நிற்கும்படி பிடிக்கச் சொன்னாள். மறுமுனையை அப்பாவின் கார் நிற்கிற தூணில் வைத்து, தண்ணீர் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

“இதுவரைக்கும் ஏறினாதான் தண்ணி கேட்டைத் தாண்டும்பா. உங்க கார் சீட் எங்க இருக்குன்னு பாருங்க.”

கோடு சீட்டுக்கு மேலே இருந்தது. மழை எச்சரிக்கை வந்தாலே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிற மனிதர் அவர். கோட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். “தாண்டினா எங்க போகும்?” என்று கேட்டார். “என் ஃபிரண்ட் வீட்டுக்கு” என்றாள் மகள். அந்த வாரமே மதிலின் அடைப்பை உடைத்து, பாம்பு வராமலிருக்கக் கம்பிவலை வைத்தார்கள். எல்லாம் தன் யோசனை என்று சங்கத்தில் சொன்னாராம். சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன.

மழை சொல்லி வைத்த மாதிரி வந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். காலைத் தொழுகை முடித்து எழுந்தபோது செயலாளர் மகள் போன் செய்தாள். வலையில் பிளாஸ்டிக் கவர் அடைத்துக்கொள்கிறதாம், அப்பா குடையோடு நின்று கம்பால் தள்ளிக்கொண்டே இருக்கிறாராம். “தண்ணி வெளிய போகுது மிஸ்” என்றாள். மற்றவள் வீட்டு நம்பருக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப். மறுநாளும் சுவிட்ச் ஆஃப். தண்ணீர் வேறு எங்காவது வழி கண்டுபிடித்துவிட்டதோ, பெட்டியைக் கட்டிவிட்டார்களோ என்று மறுபடி மறுபடி அதே நம்பருக்கு அடித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறந்த அன்று மணி அடித்தது. மூன்றாவது பெஞ்சில் அவள் இடம் காலி. அட்டெண்டன்ஸ் எடுத்தேன். அவள் நம்பர் வந்ததும் யாரும் குரல் கொடுக்கவில்லை. நான் ஒன்றும் போடாமல் பேனாவை மூடிவிட்டு, சாக்பீஸை எடுத்துப் போர்டு பக்கம் திரும்பினேன். என்ன எழுத வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

“மே ஐ கம் இன் மிஸ்?”

வாசலில் நின்றாள். பாவாடை நுனியெல்லாம் ஈரம், பை தலைக்கு மேல். வந்த சந்தோஷத்தை மறைக்க வழக்கத்தைவிடக் கோபமாகக் கேட்டேன்.

“எங்கேருந்து வர?”

அவள் தலையைக் குனியவில்லை.

“ஊட்லருந்து மிஸ்.”