மூன்று முறை நன்றி

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில், ஜெர்மன் வாடிக்கையாளர்களின் கருத்துகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. ஜெர்மன் கற்றுக்கொண்டேதான் எழுதிவந்தேன். ஒரு கடைக்காரர் ஒவ்வொரு மெயிலிலும் "லெஸ்ட் ட்சு வுன்ஷன் ஊப்ரிக்" என்று எழுதுவார். வுன்ஷன் என்றால் வாழ்த்துவது என்று படித்திருந்ததால், மூன்று முறையும் மனமார நன்றி சொன்னேன்.

பிறகு ஆன்லைன் வகுப்பில் அந்தத் தொடர் வந்தது. 'தரம் போதவில்லை' என்று அர்த்தமாம்.

முதலாளியிடம் போனேன். "அண்ணாச்சி, அவிய வாழ்த்தல. குறை சொல்லியிருக்காவ. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."

அவர் முகம் வெளிறிவிட்டது. "மூணு தடவையும் நன்றின்னா எழுதுன?"

அன்றே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மிட்டாய் நமத்துப்போய் வருகிறது என்று பதில் வந்தது. உறையை மாற்றி அனுப்பினோம். அதன்பின் அவரிடமிருந்து கருத்து எதுவும் வரவில்லை. அடுத்த ஆர்டர் மட்டும் வந்தது.