திரும்புவதற்கு முன் ஒரு மூச்சு

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவருக்கு 'ஆறரை' என்று பெயர். உண்மையில் ஆறடி ஐந்து அங்குலம்தான். மீதி ஓர் அங்குலம் அக்கம்பக்கத்தார் அன்பளிப்பு. அந்த உயரத்துக்கு ஏற்ற அகலமும் உண்டு. இப்படி ஓர் உடம்பை வைத்துக்கொண்டு அவர் வாழ்நாளெல்லாம் கவனமாகச் செய்துவந்த காரியம், யார் மேலும் படாமல் இருப்பது. பஸ்ஸில் கடைசிப் படிக்குப் பக்கத்தில் நிற்பார். சினிமாவில் கடைசி வரிசை. கல்யாணப் போட்டோவில் அவர் உட்கார்ந்திருக்கிறார், மனைவி நிற்கிறார்; தலைகள் சமமாக இருக்கின்றன.

மனைவி ஐந்தடி இரண்டு. நர்ஸ். கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவர். "இவ்வளவு உசரத்த வெச்சுக்கிட்டு வெறும் ஒட்டடை அடிச்சுக்கிட்டிருக்கறது பாவங்க" என்று சொல்லி, கல்யாணமான இரண்டாம் மாதமே கணவரைத் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் மைதானத்துக்கு இழுத்துப் போனார். இருவர் மட்டுமே உள்ள வீடு. பொழுதும் போக வேண்டுமே. அங்கே மனைவி போட்ட சட்டம் ஒன்றுதான்: ஆடுகளத்தின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே 'நீங்க', உள்ளே 'டா'.

பதினோரு வருஷம் ஆடினார்கள். ஆறரை பத்தடி தள்ளி நின்று எறிந்தால் பந்து சில சமயம் விழும். வளையத்துக்கு அடியில், அதாவது ஆறரைகளுக்கென்றே ஒதுக்கி வைத்த இடத்தில், ஒருபோதும் விழாது. வளையத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். மனைவி பின்னால் நின்று, முன்கையை அவர் இடுப்புக்குச் சற்று மேலே வைத்து முட்டுக்கொடுப்பார். இவர் திரும்புவார். பந்து மட்டும் கையில் இருக்காது. அதை மனைவி தட்டிக்கொண்டு போய்ப் பாதி மைதானம் கடந்திருப்பார்.

பிறகு மனைவிக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். கிளம்புகிற அன்று, பெட்டியைப் பூட்டிக்கொண்டே சிரித்தார்.

"அடுத்த லீவுல, வளையத்துக்கு அடியில நின்னு, என்னத் தாண்டி ஒரே ஒரு பாஸ்கெட் போட்டுக் காட்டுங்க. நான் திரும்பிப் போகல."

அவர் அதை வேடிக்கையாகச் சொன்னார். ஆறரைக்கு வேடிக்கை புரியும். ஆனால் வீடு காலியான பிறகு அதுவே ஒப்பந்தத்தைவிட உறுதியான வாக்காகப் படத் தொடங்கியது. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டை வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்து, திரும்ப அலமாரியிலேயே வைக்கிற மனிதருக்கு எது வாக்கு, எது வேடிக்கை என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எனவே தினமும் காலை ஆறு மணிக்கு மைதானம். மறித்து நிற்க ஆள் வேண்டுமே; எதிர்வரிசைச் சலூன்காரர் கிடைத்தார். குள்ளம், கெட்டி, முழங்கை இரண்டும் இரும்பு. வாய் அதைவிட.

"அண்ணே, பயப்படாம இடிங்க. நான் என்ன கண்ணாடியா?"

மூன்றாம் வாரம் அவரே நோயைக் கண்டுபிடித்தார்.

"அண்ணே, திரும்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஏதோ முணுமுணுக்கறீங்களே, என்ன அது? மந்திரமா?"

ஆறரைக்கே அப்போதுதான் தெரிந்தது. வெட்கத்தோடு சொன்னார்: "கண்ணாடி."

கடை வழக்கம் அப்படி. பெரிய தகட்டை மார்போடு அணைத்துத் தூக்க வேண்டும். திரும்புவதற்கு முன் "கண்ணாடி" என்று குரல் கொடுத்து, ஒரு மூச்சு நின்று, ஆட்கள் விலகிய பிறகே திரும்ப வேண்டும். பதினெட்டு வருஷமாக இதில் அவர் தவறியதில்லை. மைதானத்திலும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். பந்து கைக்கு வந்ததும் மார்புக்கு இறக்குவார். அது குள்ளமானவர்களின் கைக்கு வாகான இடம். பிறகு, தான் திரும்பப்போவதை அறிவிப்பார். பிறகு, எதிராளி விலகட்டும் என்று ஒரு மூச்சு காத்திருப்பார்.

சலூன்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "ஏண்ணே, திருட வர்றவன் கதவத் தட்டிட்டு நிக்கற மாதிரி இருக்கே!"

சிரிப்பு சுலபம், மருந்துதான் கஷ்டம். பந்தை நெற்றிக்கு மேலேயே வைத்திருக்க ஆறு மாதம் பிடித்தது. பின்னால் நிற்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைக் கண்ணால் தேடாமல் முதுகால் தெரிந்துகொண்டு, மறுபக்கம் ஒரு காலை வைத்து, தோளைக் கொடுத்துச் சுழன்று, பலகையில் வரைந்திருக்கும் சதுரத்தின் மேல்மூலையில் பந்தை மெதுவாகச் சாத்த இன்னும் எட்டு மாதம். அந்த ஒரு மூச்சு நிற்கிற பழக்கத்தை விடுவதற்கு மட்டும் அதற்கு மேலும் ஆனது.

முதுகு கற்றுக்கொண்டதில் ஒரு சங்கடமும் இருந்தது. சலூன்காரரின் முன்கை பட்ட ஒவ்வொரு காலையும், அது மனைவியின் கை இல்லை என்பதை முதுகு தவறாமல் சொன்னது. அந்தக் கை இதைவிட இரண்டு விரற்கடை கீழே அழுத்தும். எப்போதும் சில்லென்று இருக்கும்.

ஆட்டம் தேறியதற்கு முதல் அத்தாட்சி கடையில் கிடைத்தது. ஒருநாள் அலமாரிக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, குரல் கொடுக்காமல், நிற்காமல், அழகாகச் சுழன்றார். கதவு நிலையில் பட்டு நொறுங்கியது.

முதலாளி ஓடிவந்தார். "கையில பட்டுச்சாப்பா? என்னாச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார் ஆறரை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். முதலாளி பயந்துபோய் அன்று லீவு கொடுத்து அனுப்பினார்.

மனைவி பத்து நாள் லீவில் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். காதோரம் நரை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வெள்ளைக் கோட்டைத் தாண்டியதும், "வாடா" என்றார். இரண்டு வருஷமாக ஃபோனில் கேட்காத சொல்.

ஆறரை முதுகைக் காட்டி நின்றார். கை வந்து பட்டது. சரியாக அதே இடம். சில்லென்று. இடதுபக்கம் சாய்ந்திருந்தது. பந்து நெற்றிக்கு மேலே; வலதுகால் ஓர் அடி; தோள்; சுழற்சி; சதுரத்தின் மூலை. பந்து வலைக்குள் இறங்கியபோது மனைவி இரண்டடி தள்ளி, கையைத் தூக்கியபடியே நின்றிருந்தார்.

"'கண்ணாடி'ன்னு சொல்லாமத் திரும்பிட்டியே!"

"சொன்னா நீ விலகுவியா?"

மனைவி சிரித்தார். பிறகு குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார்.

"போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேன்டா. இன்னும் ரெண்டு வருஷம். வார்டையே என் பொறுப்புல விட்டிருக்காங்க. நேர்ல சொல்லிக்கலாம்னு..."

ஆறரை பந்தைத் தரையில் நாலைந்து முறை தட்டினார்.

"அப்ப ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நீ ஜெயிச்சுட்ட."

"சும்மா சொன்னதுடா அது. நீ போய் இப்படிப் பழகி வெப்பேன்னு நான் கண்டேனா?"

கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும், "கோவமாங்க?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார். உண்மையாகவே கோபம் இல்லை. வார்டு என்று சொன்னபோது அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவர் பார்த்திருந்தார். வலையில் பந்து விழுந்தபோது தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று நாளும் ஆறரை நினைத்தபோதெல்லாம் பாஸ்கெட் போட்டார். நாலாம் நாள் ஒரு கணக்கு உறைத்தது. சரியாக ஆடினால் அந்தக் கை முதுகில் இருப்பது ஒரு விநாடிகூட இல்லை. இரண்டு வருஷம் உழைத்து அவர் ஒழித்துக்கட்டியது எதை என்று அப்போதுதான் புரிந்தது. அடுத்த பந்தை மார்புக்கு இறக்கி, ஒரு மூச்சு நின்றார். மனைவி பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்.

"என்னடா, மறுபடியும் கண்ணாடியா?"

"பழக்கம்" என்றார். மிச்ச நாளெல்லாம் தோற்றார்.

விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்கள் ஒரு கண்ணாடித் தடுப்போடு நின்றுவிட வேண்டும். ஆறரை அதை ஒரு பார்வை பார்த்தார்: பன்னிரண்டு மில்லி கனம், டெம்பர் செய்து உறுதியாக்கியது, சாய்ந்தால் தாங்கும். சுற்றிலும் எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் மனைவிக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியில் சாய்ந்து நின்றார். பக்கத்திலிருந்த அம்மாள், "பாவம், சண்டை போல" என்று தன் மகளிடம் சொன்னார்.

உள்ளே போய்க்கொண்டிருந்த மனைவி நின்றார். பெட்டியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, கண்ணாடியில் அவர் இடுப்புக்குச் சற்று மேலே முன்கையை வைத்து அழுத்தினார். கண்ணாடி சில்லென்றுதான் இருந்தது. ஆறரையின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது.

"டேய், திரும்புடா."

திரும்புவதற்கு முன் ஒரு மூச்சு நின்றார். இந்தத் தடவை யாரும் எதையும் தட்டிக்கொண்டு ஓடவில்லை.