கதவுக்கு வைத்த பொட்டு

காயம் ஆற்றும் மருந்தைச் சோதிக்க முதலில் ஒரு காயம் வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலின் பாலபாடம். வில்லியனூர் பக்கம் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் ஆடுகளையும் முயல்களையும் பார்த்துக்கொள்கிறேன். செய்யும் வேலையை வீட்டில் பாதி சொல்லி மீதியை விழுங்குகிறவர்களே, நீங்களும் என் கட்சிதான். என் இடது காலை எடுக்க வேண்டிவருமோ என்று பயந்து கிடந்த நாட்களில் இவையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அடிக்கவா, வளர்க்கவா?

எங்களுக்கு ஆடுகள் ஏம்பலம் பக்கத்துப் பண்ணையிலிருந்து வரும். வண்டியில் ஏற்றிவிடும் கன்னியப்பன் ஒருமுறை கேட்டார், அடிக்கவா, வளர்க்கவா என்று.

மயக்கம் கொடுத்து, ஆட்டின் கழுத்திலிருந்து ஒரு சிரையை எடுத்து, பக்கத்து ரத்தக்குழாயில் ஒட்டுப்போடுவார்கள். ரத்தம் அடைபடாமல் ஓடுகிறதா என்று பார்ப்போம். கடைசியில் அந்த ஒட்டை வெளியே எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆடு இருக்காது. இதை எப்படிச் சொல்வது? "ரெண்டும்தான்" என்றேன். அவர் என்னையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேரு கீரு வெச்சுடாதப்பா. அப்பால உன் பாடுதான் பேஜாரு."

மாட்டுப் பொங்கல்

என்னோடு வேலை பார்க்கும் அஞ்சலை பாகூர்க்காரி. ஒரு மாட்டுப் பொங்கலன்று எனக்கு முன்பே வந்து, எல்லா உயிருக்கும் நெற்றியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டாள். முயல் சும்மா இருக்குமா? முன்காலால் முகத்தைத் துடைத்து, முதுகை நக்கி, மஞ்சளை முதுகுக் காயம்வரை கொண்டுபோய்விட்டது.

சோதனைகளை நடத்தும் டாக்டர் செழியன் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பாதி முயல்களுக்குக் களிம்பு, பாதிக்கு ஒன்றும் கிடையாது, அதுதான் சோதனை. மஞ்சளோ தானே ஒரு மருந்து. எதனால் ஆறியது என்று இனி யார் சொல்வது? மறுபடி புதிய முயல்கள் வந்தன. ஒருத்தியின் பிரியத்துக்காக அவையும் காயப்பட்டன. யாரை நோவது? டாக்டர் கடிந்துகொண்டபோது அஞ்சலை அசரவில்லை.

"கத்தி வெக்க எல்லா நாளும் உங்களுது சார். பொட்டு வெக்க ஒரே ஒரு நாளுதான் எங்களுது."

என் முறை

நடந்தால் கெண்டைக்கால் இறுகியது. கட்டைவிரல் புண் ஆறவே இல்லை. தொடையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். செழியன் இப்போது ஆஸ்பத்திரியில் அந்த அறுவைதான் செய்கிறார். உங்கள் சிரையையே எடுத்து ஒட்டுப்போடலாம், அதில் ரத்தம் ஓடாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரலாம் என்றார்.

தினமும் காலையில் ஆடுகளின் கழுத்தில் விரல் வைத்துத் துடிப்புப் பார்ப்பது என் வேலை. ஒட்டு அடைத்துப்போன கழுத்து எப்படியிருக்கும் என்று என் விரலுக்குத் தெரியும். நம் ஆடுகளுக்கு ஓடியதே, எனக்கும் ஓடுமா என்று கேட்டேன்.

"ஆடு பீடி குடிக்கலையே அண்ணே. நீங்க அதை வுட்டா ஓடும்."

முறம்

கண் விழித்தபோது டாக்டர் என் பாதத்தின் மேல் விரல் வைத்து நின்றிருந்தார். அப்படியே நான் ஆட்டுக்குச் செய்வதுபோல. துடிக்கிறது என்று தலையாட்டினார். அழுதேன். யாருக்காக என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

வீட்டுக்கு வந்தபின் தையல் அரித்தது. கை தானாகப் போனது. முயல் தையலைக் கடிக்காமலிருக்கக் கழுத்தில் வட்டமாக ஒரு பட்டை மாட்டுவோம் என்று என் மனைவி செல்வியிடம் எப்போதோ சொல்லியிருந்தேன். பிளாஸ்டிக் முறத்தோடு வந்து நின்றாள்.

"கைய எடுங்க. இல்லாங்காட்டி இத்த நடுவுல வெட்டிக் கழுத்துல மாட்டிவுட்ருவேன். முயலே கேக்குதாம், உங்களுக்கு இன்னா?"

கதவு

அந்த மஞ்சள் கலாட்டாவுக்குப் பிறகு எங்கள் கூடத்தில் ஒரு விதி: பொட்டு கதவுக்கு மட்டும். இந்தப் பொங்கலன்று, இரண்டு காலோடும் ஆட்டுப்பட்டியின் கதவருகே நின்றேன். நன்றி சொல்லத்தான் போனேன். கேட்காமல் எடுத்துக்கொண்டதற்குச் சொல்லும் நன்றி, நன்றியாகுமா? ஒரு ஆடு வழக்கம்போல வந்து தன் கழுத்தை என் கையருகே நீட்டியது. விரல் வைத்துத் துடிப்புப் பார்த்தேன்.

கதவுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த அஞ்சலை என் முன்னால் நின்றாள், குங்குமத்தைத் தொட்டாள்.

"ஒட்டுப் போட்டுக்கினு உசுரோட வூட்டுக்குப் போனது இங்க நீ ஒருத்தன்தான். அதுங்க எல்லாத்துக்கும் சேத்து உனக்கே வெக்கறேன், ஆடாம நில்லு."

பேர் வைக்காதே என்று கன்னியப்பன் சொன்னதைக் கேட்டதில், நன்றி சொல்லக் கூப்பிட ஒரு பேரும் இல்லாமல், பிடிக்க ஒரு பீடியும் இல்லாமல், நடக்க மட்டும் இரண்டு காலோடு இருக்கிறேன்.