பக்குவம் என்று எழுதியவர்

அறிக்கையில் ஒரு வரி எழுதி முடித்ததும் கேள்வி அக்கா தொண்டையைக் கனைத்துக்கொள்வார். பிறகு அதே வரியை அரசு வக்கீலின் கட்டைக் குரலில் வாசித்துப் பார்ப்பார். 'கேட்டதற்குச் சட்டென்று பதில் சொல்கிறான்' என்பது அந்தக் குரலில் குற்றச்சாட்டாகவே காதில் விழும், உடனே அந்த வரியை அடித்துவிடுவார். பக்கத்து மேசை குமாஸ்தாவுக்கு இது தினசரி வேடிக்கை.

"என்ன மேடம், வக்கீல் வந்துட்டாரா?"

"வந்தவரு போகவே மாட்டேங்கறாரே, நான் என்ன பண்ண?"

சிறுவர் இல்லத்தில் மனநல ஆலோசகர் வேலை. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் பையன்கள் வைத்த பெயர்தான் 'கேள்வி அக்கா'. ஐம்பதைத் தாண்டியும் அக்காதான். பெரிய வழக்கில் சிக்கிய பதினாறு, பதினேழு வயதுக்காரனை சிறுவர் கோர்ட்டிலேயே விசாரிப்பதா, பெரியவர்களின் கோர்ட்டுக்கு மாற்றிவிடுவதா என்று முடிவு செய்யுமுன் நீதிபதி இவருடைய அறிக்கையைக் கேட்பார். மாற்றிவிட்டால் தண்டனையும் பெரியவர்களுக்கு உள்ளதுதான். அதனால் அவசரப்பட மாட்டார். முட்டிவலியோடு பையனுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். நாற்காலியில் இருந்து கேட்டால் பொய்தான் வருமாம். எழுந்திருக்கும்போது அந்தப் பையனே கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருக்கும்.

வீட்டிலும் பதினாறு வயதில் ஒன்று இருக்கிறது. "சாக்ஸ் எங்கம்மான்னு காலையில வீட்டையே ரெண்டாக்கறான். கால்ல மாட்டிக்கிட்டேதான் தேடறான்!" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்த வாய் மூடுவதற்குள் முகம் மாறிவிடும்.

நான்கு வருடத்துக்கு முன் மெக்கானிக் கடைப் பையன் ஒருவன் வந்தான். கைகலப்பில் அவன் வீசிய ஸ்பேனர் ஓர் உயிரை வாங்கியிருந்தது. மற்றபடி பையன் தங்கம். இல்லத்துச் சின்னவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான், சண்டை வந்தால் விலக்கிவிடுவான். நல்லது செய்வதாக நினைத்து, 'வயதுக்கு மீறிய பக்குவம்' என்று அக்கா மனதார எழுதிவிட்டார். வக்கீல் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பக்குவம் உள்ளவன் தெரிந்துதானே அடித்திருப்பான்? வழக்கு பெரியவர்களின் கோர்ட்டுக்குப் போனது. பன்னிரண்டு வருடம் போட்டார்கள். இல்லத்திலிருந்து கிளம்பிய அன்று வண்டியில் ஏறப்போனவன் திரும்பி ஓடிவந்து, "என்னைப் பத்தி ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்களாமே அக்கா, தேங்க்ஸ்" என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார்.

இந்த வாரம் இன்னொருவன். வயது பதினாறரை. அண்ணனோடு போன திருட்டில் காவலாளி செத்துப்போனார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அக்கா அதையும் மறக்கவில்லை. திங்கட்கிழமை அறிக்கை போயாக வேண்டும்.

படத்தில் உள்ளபடி வண்ணக் கட்டைகளை அடுக்க வேண்டும், அதுதான் சோதனை. எத்தனை நிமிடம் ஆனது என்பதும் அறிக்கையில் ஏறும், வக்கீலும் அதைப் படிப்பார். அவனை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை போலிருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு கிடுகிடுவென்று அடுக்கி முடித்துவிட்டு, அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சீக்கிரமா முடிச்சிட்டேன்ல அக்கா?"

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அடுக்கியிருந்ததைக் கையால் கலைத்தார். "இன்னொரு தடவை அடுக்குப்பா, மெதுவா" என்று கட்டைகளை அவன் பக்கம் தள்ளினார்.