கராம்புச் சீஸ் கடையின் உள்ளறை

நேற்று சுப்பர்மார்க்கற்றில் கராம்பு போட்ட சீஸ் ஒன்றை மணந்ததும், அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட் நகரில் இப்போது போன் திருத்தும் கடையாகிவிட்ட சிட்ஸ்கே அன்ரியின் சீஸ் கடை எனக்குள் திறந்துகொண்டது. அம்மா அங்கேதான் சீஸ் வெட்டிக்கொடுக்கும் வேலை செய்தார். அன்ரி நெதர்லாந்தின் வடக்கே, ஃபிரிசியன் பேசுகிற ஊர்க்காரி. மாட்டுக்கொட்டிலுக்குத்தான் சரி என்று பள்ளிக்கூடங்கள் ஒதுக்கிவைத்த அந்த மொழியில் புதிது புதிதாகக் கதைகள் வருகின்றன என்ற பெருமையில், சனிக்கிழமைகளில் அவருடைய ஊர்ச்சனம் உள்ளறையில் கூடி மாறி மாறி உரக்க வாசிக்கும். கோப்பிக் கோப்பைகள் கிணுங்கும், யாரோ மூக்கைச் சிந்துவார்கள், பிறகு அம்மாவும் தன் பங்குக்கு ஒருவருக்கும் விளங்காத தமிழ்க் கதையொன்றை வாசிப்பார்.

எனக்கும் அன்ரியின் மகள் ஜெனிஃபருக்கும் அந்த அறைக்குள் இடமில்லை.

"வெளியில போய் இங்கிலிஷில கதையுங்கோ. உங்களுக்கு அதுதான் உதவும்," என்று அம்மா கதவைச் சாத்துவார். வீட்டிலும் அதுதான் சட்டம். கதவில் காதை ஒட்டி, எங்கள் தாய்மாரைச் சிரிக்கவும் அழவும் வைத்த மொழிகளின் ஓசையை மட்டும் கேட்டு வளர்ந்தோம்.

அந்தச் சீஸை வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். ஏதோ நூல் வெளியீட்டுக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தவர் பெருமூச்சு விட்டார். "கிழடுகள்தான் வருதுகள். உங்கட வயசு ஆக்களுக்குத் தமிழில ஆசையே இல்லை, பிள்ளை."

தமிழ் எழுத்தை நான் வளர்ந்தபிறகு, மாலை வகுப்பொன்றில், அந்நியர்களிடம் கற்றவள். கதவைச் சாத்தியது யார் என்று கேட்க வாயெடுத்தேன். கோபத்தில் அது ஆங்கிலத்தில்தான் வந்தது.