பக்கத்தின் கடைசிப் பெயர்கள்

லூர்தம்மாளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் கெஞ்சினாலும் மனசு இளகிவிடும். நர்ஸ் வேலைக்கு அது நல்ல குணம்தானே என்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், 1987 பங்குனி வரைக்கும்.

ஏரியூர்ப் பக்கம் கொட்டாய் என்று சொல்லும் மூன்று குக்கிராமங்களுக்கு அவள்தான் அரசாங்க நர்ஸ். புதன்தோறும் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி, மேட்டுக்கொட்டாய்ப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடுவாள். தட்டம்மை ஊசி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. "இனி உங்க புள்ளைங்களுக்கு அம்மை வராது" என்று வீடு வீடாக வாக்குக் கொடுத்தவள் அவள்தான். பங்குனியில் அம்மை வந்தது. ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளிலேயே பதினோரு பேர் படுத்துவிட்டார்கள். ஊசிதான் ஆத்தாளைக் கூட்டிவந்தது என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

டாக்டர் சனிக்கிழமைக்குள் காரணம் எழுதித் தரச் சொன்னார். "சத்தில்லாத புள்ளைங்கன்னு எழுதிடும்மா, முடிஞ்சுது" என்று வழியும் காட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வழி. சத்தில்லாத பிள்ளைகள் மற்றவர்களிலும்தான் இருந்தார்கள். அவர்களுக்கு ஏன் வரவில்லை?

வெள்ளிக்கிழமை காலையில் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தாள், வயதுவாரியாகப் பார்த்தாள், எடைவாரியாகவும் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டாள். ஒரு புதனுக்கு ஒரு வரி. அன்றைக்கு முதலில் ஊசி போட்ட பிள்ளை இடது ஓரத்தில், கடைசியாகப் போட்ட பிள்ளை வலது ஓரத்தில். அம்மை கண்ட பிள்ளைக்குச் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி.

பதினோரு புள்ளியும் வலது பக்கத்தில் விழுந்தன. இடது பக்கம் ஒன்றுகூட இல்லை.

புதன்தான் சந்தை நாள். காலை பத்து மணிக்கு மருந்துத் தூளைக் கலக்கி அவள் ஊசி போடத் தொடங்குவாள். கலக்கிய மருந்துக்கு நாலு மணி நேரம்தான் உயிர், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் சந்தைக்குப் போகிற பெண்கள், "செத்த நில்லுங்க நர்சம்மா, தக்காளிய வித்துட்டு வந்துடறேங்க" என்பார்கள். அவளும் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் நிற்பாள். ஐஸில்தானே இருக்கிறது, என்ன ஆகிவிடும் என்ற தைரியம்.

வலது பக்கத்தில், மணி இரண்டுக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டவை, மொத்தம் இருபது பெயர். புள்ளி விழாதவை ஒன்பது. அடுத்து விழப்போவது யார் என்று அந்தத் தாளே சொன்னது. எல்லாருக்கும் கடைசியில் இருந்த பெயர் ஜானகி, குள்ளம்மாளின் ஒரே மகள்.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

"இத எழுதிக் குடுத்தா உன் வேலைக்கே ஆபத்தும்மா."

"வேலை போனாப் போவுதுங்க சார். புது மருந்து குடுங்க."

புது மருந்தோடு கடைசிப் பெயரிலிருந்து தொடங்கினாள். குள்ளம்மாள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. தெருவில் நின்றபடியே சொன்னாள்.

"போன தடவ நான் போட்டது செத்த மருந்து, குள்ளம்மா. தப்பு என்னுது. புள்ளையத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம், வா."

"ஆத்தா எறங்கித் தல தண்ணி ஊத்தாம வெளிய எடுக்கக் கூடாதுங்க." குள்ளம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாந்தானுங்களே உங்கள நிக்கச் சொன்னேன்."

அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட லூர்தம்மாள் தாங்கியிருப்பாள். கெஞ்சிப் பார்த்தாள். ஜானகியை வெளியே விடவில்லை.

"இன்னும் எட்டு வூடு இருக்குது, குள்ளம்மா."

"அப்புறம் இங்க என்னாத்துக்கு நிக்கிறீங்க? போங்க."

எட்டு வீட்டிலும் அதே உண்மையைச் சொன்னாள். சொன்ன பிறகு பெற்றவர்கள் கண்ணெதிரே புட்டியைத் திறந்தாள். இரண்டு வீட்டில் வசவு வாங்கினாள். ஒரு வீட்டில் துடைப்பத்தைத் தூக்கினார்கள். இருந்தும் பொழுது சாய்வதற்குள் எட்டுப் பிள்ளைகளுக்கும் போட்டு முடித்தாள். எட்டும் தப்பின. ஜானகி ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள்.

அடுத்த புதன், மணி இரண்டு அடித்தது. லூர்தம்மாள் மிச்ச மருந்தைக் கொட்டப் புட்டியை எடுத்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கி ராயம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அதுலதான் மருந்து இருக்குதுங்களே நர்சம்மா. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். என் புள்ளைக்கு மட்டும் போட்டுடுங்க."

லூர்தம்மாளின் கை நின்றது. பழைய கெட்ட பழக்கம் சுலபத்தில் போகுமா?

சுவரோரம் குள்ளம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை இல்லாதவள் ஊசி போடுகிற இடத்துக்கு எதற்கு வந்தாள் என்று காலையிலிருந்து யாரும் கேட்கத் துணியவில்லை. அவள் எழுந்து வந்து ராயம்மாளின் பிள்ளையைத் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டாள்.

"கொட்டுங்க நர்சம்மா" என்றாள்.

லூர்தம்மாள் கொட்டினாள்.