ராசம்மாள் சேர்த்த ஆட்டக்காரர்கள்

ராசம்மாளுக்கு ஒரே தபாலில் பதினோரு மாப்பிள்ளைகள் வந்தார்கள். அது 1934ஆம் வருஷம் ஆடி மாதம். கோயமுத்தூரிலிருந்து அன்னூர் போகிற சாலையில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் தலைமை நர்ஸ். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. மழையில் நனைந்து வாய் பிளந்த உறை ஒன்றைத் தபால்காரர் திருமூர்த்தி நீட்டியபோது, உள்ளேயிருந்து ஓர் ஆண்பிள்ளை முகம் எட்டிப் பார்த்தது. அதன் தோளுக்குப் பின்னால் இன்னொன்று.

"எல்லாம் வெள்ளைக்காரப் படமா இருக்குதுங்களே, அம்மணி?"

"ஆட்டக்காரங்க" என்றாள் ராசம்மாள்.

"அப்புடிங்களா! எந்த நாடகக் கம்பெனிங்க?"

அவள் பதில் சொல்லாமல் உள்ளே போனதுதான் தப்பாகிவிட்டது. திருமூர்த்தி தன் சைக்கிளோடு அன்னூர் போய்ச் சேர்வதற்குள் நாடகக்காரர்கள் மாப்பிள்ளைகளாகிவிட்டார்கள்.

விஷயம் இரண்டு வருஷத்துக்கு முன்பே தொடங்கியது. ஆஸ்பத்திரியை நடத்திய அமெரிக்க டாக்டரம்மா ஊருக்குத் திரும்பியபோது ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களை விட்டுப் போனார். ஜெப புத்தகங்களைப் பாதிரியார் எடுத்துக்கொண்டார், வைத்தியப் புத்தகங்களைக் கம்பவுண்டர் எடுத்துக்கொண்டார். பச்சை அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்று மட்டும் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. பேஸ்பால் என்னும் ஆட்டத்தைப் பற்றியது. தன் இங்கிலீஷ் துருப்பிடித்துவிட்டது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த ராசம்மாள் அதை எடுத்துக்கொண்டாள்.

முதல் ஐம்பது பக்கம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று ஓரிடத்தில் இருந்தது. நம் ஊர் மில்லில் ஒரே ஸ்ட்ரைக்குக்கே சீட்டைக் கிழித்துவிடுகிறார்களே, மூன்றுவரை பொறுக்கிறவர்கள் நல்ல முதலாளிகள்தான் என்று அமெரிக்காவை மெச்சிக்கொண்டாள். அது பந்தை அடிக்கத் தவறுவதைச் சொல்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஒருவன் பந்தை எறிகிறான், எதிராளி தடியால் அடிக்கிறான், அடித்தவன் நான்கு இடங்களைத் தொட்டுக்கொண்டு சுற்றி ஓடிவருகிறான் என்ற அளவுக்கு ஆட்டம் பிடிபட்டதும் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

எட்டாவது அத்தியாயம் டாமி கெல்லர் என்பவனைப் பற்றியது. கெல்லர் இடது கையால் எறிகிறவன். இடக்கை ஆட்களைத் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்புவார்களாம், கிடைத்தால் கொண்டாடுவார்களாம். ராசம்மாள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். அவளும் இடக்கைக்காரி. எழுதுவது, கட்டுப் போடுவது, ஊசி குத்துவது எல்லாம் அந்தக் கைதான். ஆனால் அந்தக் கையால் மருந்தை நீட்டினால் நோயாளிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் வலது கைக்கு மாற்றிக் கொடுப்பாள். பாதி மருந்து நோயாளியின் வாய்க்குப் போகும், மீதி படுக்கைக்குப் போகும். இடது கைக்கு ஒரு தேசத்தில் இத்தனை மரியாதையா!

புத்தகத்துக்குள் அடையாளத்துக்காக ஒரு சிறிய அட்டை செருகியிருந்தது. இரண்டு விரல் அகலம். ஒரு பக்கம் மீசையில்லாத ஆட்டக்காரனின் வண்ணப் படம், மறுபக்கம் சிகரெட் விளம்பரம். சிகரெட் டப்பாவுக்குள் இப்படி ஒவ்வொன்று வைத்து விற்றிருக்கிறார்கள். அவன் பெயர் ஐந்தாவது அத்தியாயத்தில் வந்த பெயர். பத்து நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தவனுக்கு முகம் கிடைத்ததும் மற்றவர்களுக்கும் முகம் வேண்டும் என்றாகிவிட்டது. முக்கியமாகக் கெல்லருக்கு. டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். டாக்டரம்மா பழக்கமானவர்களின் வீட்டுப் பரண்களையெல்லாம் குடைந்து அனுப்பியவர்கள்தாம் அந்தப் பதினோரு பேர். கெல்லர் அதில் இல்லை.

மூன்றாம் நாள் அன்னூரிலிருந்து முதல் பஸ்ஸில் சின்னம்மா பாவாத்தாள் வந்து இறங்கினாள். காதில் விழுந்த சேதிக்குத் தக்கபடி நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"எங்க கண்ணு அந்தப் படமெல்லாம்? எடுத்துத் தா."

"சின்னம்மா, நீங்க நெனைக்கற மாதிரி இல்லீங்க. இது ஒரு வெளையாட்டு…"

"கண்ணாலம் வெளையாட்டுன்னு யாரு சொன்னது? எடுத்தா கண்ணு."

பாவாத்தாள் பதினோரு அட்டைகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பிவிட்டு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். "இவன் முறைக்கறான், வேண்டாம். இவனுக்குக் களுத்தே இல்லை. ஏன் கண்ணு, இவன் ஒரு கையில மட்டும் இத்தாப் பெரிய தோல்பையை மாட்டிக்கிட்டு நிக்கறானே, கை ஊனமா?"

"அது பந்து புடிக்கற உறைங்க, சின்னம்மா."

"வெறுங்கையில பந்து புடிக்கத் தெரியாதவன் குடும்பத்தை எங்கிருந்து புடிக்கப் போறான்? அப்பறம் வை." கடைசியில் ஒருவனை எடுத்துத் தனியாக வைத்தாள். "இவன் பரவால்லை. பல்லு வரிசையா இருக்குது. எந்த ஊரு?"

"சிகாகோங்க."

"பஸ்ஸு போகுமா?"

ராசம்மாளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. நோயாளிகள் எழுந்து உட்காரும்படி சிரித்தாள். ஒரு மணி நேரம் ஆட்டத்தை விளக்கினாள். பாவாத்தாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓடி ஓடிப் பொறப்பட்ட எடத்துக்கே வாரதுக்கு எதுக்கு ஓடோணும்?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளுடைய பைத்தியம் ஊரறிந்ததாகிவிட்டது. கோயமுத்தூர் ரயிலடியில் சிகரெட் கடை வைத்திருந்த அமீர் ஹம்சா, இங்கிலீஷ் சிகரெட் டப்பாவில் வந்த கிரிக்கெட் படங்களை அவளுக்காகச் சேர்த்து வைத்துக் கூப்பிட்டனுப்பினார்.

"பாய், இது வேற ஆட்டமுங்க."

"ஏனுங்க, பந்து இருக்குது, தடி இருக்குது, வெள்ளைக்காரன் இருக்கறான். வேறென்னங்க வேணும்?"

அவர் மனம் நோகக்கூடாது என்று இரண்டை வாங்கிக்கொண்டாள். ஹம்சா அத்தோடு விடவில்லை. அவருடைய தகப்பனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்து மூட்டையை அவிழ்த்து, கப்பல்காரன் யாரோ விட்டுப்போன பழைய அமெரிக்க அட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். மூலை மடங்கி, கறைபட்டிருந்தது. புத்தகத்தில் வந்த பேர் என்று தெரிந்ததும் ராசம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பதிலாக, டாக்டரம்மா புதிதாக அனுப்பிய, மிட்டாயோடு வருகிற பளபளப்பான அட்டைகள் நான்கை ஹம்சாவிடம் கொடுத்துவிட்டாள். அவர் பதறிப்போனார்.

"புதுசைக் குடுத்துப் பழசை வாங்கறீங்களே, சிஸ்டர்?"

"இவங்கெல்லாம் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. புஸ்தகத்துல வல்லையே."

இதில் ஒரு சங்கதி அவளுக்கு உறைக்கவே இல்லை. புத்தகம் அச்சான வருஷம் 1911. அதில் ஓடியவர்கள், எறிந்தவர்கள் எல்லாரும் இன்னும் அதே வயதில் ஓடிக்கொண்டிருப்பதாகவே அவள் நினைத்திருந்தாள்.

1936இல் அதுவும் தெரிந்தது. பஞ்சு அரைக்கிற மெஷின் பூட்ட வந்த ஹாரிஸ் என்ற அமெரிக்க இஞ்சினியர் குளிர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். ராசம்மாள் இடது கையில் ஊசியை எடுத்ததைப் பார்த்து, "அடடே, கெல்லர் கை!" என்று இங்கிலீஷில் முனகினார். ஊசி நடுவழியில் நின்றுவிட்டது.

"டாமி கெல்லரா?"

கொயினா மருந்தின் மயக்கத்தில் தனக்குக் காது கெட்டுவிட்டது என்றே ஹாரிஸ் நினைத்தார். கெல்லர் அவருடைய சொந்த ஊர்க்காரர். காய்ச்சல் இறங்கியபின் எல்லாம் சொன்னார். 1913இலேயே கெல்லரின் தோள் போய்விட்டது. பிறகு ஒரு பந்தும் எறியவில்லை. இப்போது மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார், ஐம்பதைத் தாண்டிவிட்டார், நல்ல தொப்பை.

ராசம்மாள் அடுத்த படுக்கைக்குப் போனாள். இரண்டு நாள், அட்டைகளைப் போட்டு வைத்திருந்த பெட்டியைத் திறக்கவில்லை. நேற்றுத்தான் ஜெயித்துக்கொடுத்த பையன், இன்றைக்குத் தவிட்டு மூட்டை தூக்குகிறான். ஏமாற்றியவர்கள் யாருமில்லை, கோபித்துக்கொள்ளவும் ஆளில்லை. மூன்றாம் நாள் ஹாரிஸுக்குக் கஞ்சி கொண்டுவந்தபோது கேட்டாள்:

"தோள் இன்னும் வலிக்கிறதாமா?"

"எனக்கு எப்படித் தெரியும், சிஸ்டர்?"

"எழுதிக் கேளுங்கள்."

ஹாரிஸ் விலாசம் கொடுத்தார், அவளே எழுதினாள். தோளை எப்படித் தூக்க வேண்டும், எப்போது தூக்கக் கூடாது என்று இரண்டு பக்கம். கூடவே, ஊருக்குத் திரும்பிய ஹாரிஸின் பெட்டியில் நொச்சித் தைலம் ஒரு புட்டி. கடைசி வரியில் மட்டும், உங்கள் அட்டை ஒன்று இருந்தால் அனுப்ப முடியுமா என்று கூச்சத்தோடு கேட்டிருந்தாள்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. தோள் அப்படியேதான் இருக்கிறது என்று கெல்லர் எழுதியிருந்தார். ஆனால் தைலத்தின் வாசனைக்கு நாய் வீட்டைவிட்டு ஓடிவிட்டது, மனைவிக்கு அதில் மகா சந்தோஷம். அட்டை விஷயத்தில் அவர் உதவ முடியாது. சிகரெட் கம்பெனிக்காரர்கள் படம் எடுக்க வந்த வாரம் அவர் தட்டம்மையில் படுத்திருந்தார், அவருக்கு அட்டையே அச்சாகவில்லை. அதற்குப் பதிலாகத் தீவனக் கடை வாசலில் மனைவி மக்களோடு நிற்கிற படம் ஒன்றை வைத்திருந்தார்.

நான்கு வருஷம் தேடியது உலகத்திலேயே இல்லாத அட்டை! ராசம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அட்டைகள் இருந்த பெட்டியில் அந்தப் படம் அடங்கவில்லை. ஓரத்தை வெட்டிக்கொள்ளலாமே என்று கம்பவுண்டர் கத்திரியோடு வந்தார். ஓரத்தில் நின்றது கெல்லரின் கடைசி மகள். கம்பவுண்டருக்கு விழுந்த வசவு பிரசவ வார்டுவரை கேட்டது.

அன்றைக்கே அவள் அடுத்த கடிதத்தை எழுதினாள். எட்டாவது அத்தியாயத்தின் கடைசி ஆட்டத்தில், எல்லாரும் வேகப் பந்தை எதிர்பார்த்து நின்றபோது நீங்கள் ஏன் மெதுவாக எறிந்தீர்கள், அது உங்கள் தந்திரம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, ஆனால் எப்படித் தோன்றியது என்று போடவில்லையே என்று கேட்டாள்.

நான்கு பக்கத்துக்குப் பதில் வந்தது. தந்திரம் ஒன்றுமில்லை, அம்மணி. பந்து வியர்வையில் வழுக்கிவிட்டது. பத்திரிகைக்காரர்களிடம் அன்றைக்கே சொன்னேன், அவர்கள் நம்பவில்லை.

ராசம்மாள் பச்சைப் புத்தகத்தை எடுத்து, இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் 'தந்திரம்' என்ற சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் 'வியர்வை' என்று தமிழில் எழுதி வைத்தாள்.